எருக்கம் பஞ்சும் வார்சா மதிலும்

வரலாறு என்றதும் நம்மவர்க்குச் சேர சோழ பாண்டியரே முதலில் நினைவுக்கு வருவர். அதில் தவறில்லை. ஆயினும் நம் சங்க நூலகத்தின் இளைஞர் வாசிப்பு வட்டத்தார் இவ்வாண்டு எடுத்துக்கொண்டது தொலைவிலுள்ள போலந்து நாட்டின் வரலாறு. அமெரிக்க எழுத்தாளர் ஜெரி ஸ்பினெல்லி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மில்க்வீட்’ என்னும் இளையோர் நாவலை அவர்கள் பகுதி பகுதியாகப் படித்து ஆராய்ந்தனர். நாசிகள் யூத மக்களைத் திட்டமிட்டு அழித்த கொடுங்காலத்தில், தாய் தந்தை யாரென்றும் தன் பெயர் இன்னதென்றும் அறியாத ஓர் அனாதைச் சிறுவன் வார்சா நகரத்தில் வாழும் கதை அது. இத்தனை துன்பத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தான் வேண்டுமா என்று பெரியவர்கள் சிலர் வினவினர். தக்க வினாவே. அதற்குரிய விடை நாவலின் பின்னே நிற்கும் உண்மை வரலாற்றில் உள்ளது என்பது எம் கருத்து.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மில்க்வீட் என்பது நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. காய் முற்றி வெடித்தால் விதை வெண்பஞ்சோடு காற்றில் மிதக்கும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வறண்ட நிலங்களில் எருக்கம் பஞ்சைத் துரத்தி ஓடாத பிள்ளை உண்டோ? அவ்வாறு பறக்கும் விதையை மலையாள நண்பர்கள் ‘அப்பூப்பன் தாடி’ என்பர். நாவலில் வரும் குழந்தைகளுக்கோ அது வானவரின் வடிவம். ஏனெனில் அவர்கள் கண்ட பொருள்களுள் மதிலைத் தடையின்றித் தாண்ட வல்லது அஃது ஒன்றே.

அந்த மதில் கற்பனையன்று. 1939 செப்டம்பரில் போலந்து வீழ்ந்தது. 1940 நவம்பரில் வார்சா யூதர்களை ‘கெட்டோ’ என்னும் அடைப்புக்குள் தள்ளி மூடினர். நகரத்தின் ஒரு சிறு மூலையில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள்! பசியும் நச்சுக்காய்ச்சலும் நாள்தோறும் பலரைக் கொண்டு சென்றன. மதிலின் அடியிலிருந்த ஓட்டைகள் வழியே வெளியேறி, உணவுப் பொருளைக் கடத்தி வந்து குடும்பத்தைக் காத்தவர்களுள் சிறுவர் சிறுமியர் பலர். பிடிபட்டால் சுட்டுக் கொல்வர். நாவலின் சிறுவன் மிஷா செய்வதும் அதுவே. அவன் கடத்தி வரும் உணவில் ஒரு பங்கு டாக்டர் கோர்ச்சாக் என்பாரின் அனாதை இல்லத்துக்கும் போகிறது.

மிஷா கற்பனை, கோர்ச்சாக் உண்மை மனிதர். ஹென்ரிக் கோல்ட்ஷ்மித் என்பது அவருடைய இயற்பெயர். யானுஷ் கோர்ச்சாக் என்பது எழுத்துலகில் அவர் பூண்ட பெயர். குழந்தை மருத்துவர், அரியணை ஏறிய அனாதைச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் புகழ்பெற்ற கதை எழுதியவர். 1912 முதல் வார்சாவில் யூத அனாதைக் குழந்தைகளின் இல்லத்தை ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையாருடன் நடத்தினார். அவ்வில்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த மன்றம் ஒன்று உண்டு. இல்லத் தலைவரான அவரும் அம்மன்றத்தின் முன் குற்றம் சாட்டப்பட்டு நின்றிருக்கிறார். நம் பள்ளிகளில் இன்றும் இதனை எண்ணிப் பார்ப்பது அரிது! போர் வந்ததும் இல்லம் கெட்டோவுக்குள் மாற்றப்பட்டது. அவர் மட்டும் தப்புவதற்கு நண்பர்கள் வழி செய்தும் அதனை அவர் ஏற்கவில்லை.

இனி நம் நாட்டைத் தொடும் செய்திக்கு வருவோம். 1942 ஜூலை 18ஆம் நாள் அந்த இல்லத்துக் குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது தாகூர் 1911இல் வங்க மொழியில் எழுதிய ‘டாக்கர்’, அதாவது ‘அஞ்சல் நிலையம்’. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் அமல் என்னும் சிறுவன் நோயுற்றுக் கிடக்கிறான். வெளியே செல்லக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. சாளரத்தருகே அமர்ந்து, தெருவில் போகும் தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் பூக்காரச் சிறுமியோடும் பேசுகிறான். எதிரே புதிதாய் எழுந்த அஞ்சல் நிலையத்திலிருந்து அரசரின் கடிதம் தனக்கு வரும் எனக் காத்திருக்கிறான். முடிவில் அரச வைத்தியர் வந்து அடைத்த கதவுகளையெல்லாம் திறக்கச் செய்கிறார், சிறுவன் உறங்கிவிடுகிறான். அடைபட்டுக் கிடந்த அக்குழந்தைகளுக்கு இந்நாடகத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருந்திராது. ஏன் இதனைத் தேர்ந்தீர் என்று கேட்டவர்களிடம், சாவை அமைதியாக ஏற்கக் கற்க வேண்டும் என்று கோர்ச்சாக் மொழிந்ததாகச் சொல்வர்.

நான்கு நாட்களில், ஜூலை 22 அன்று, கெட்டோ மக்களை இரயிலேற்றும் பணி தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அனாதை இல்லத்தின் முறை வந்தது. ஏறத்தாழ 200 குழந்தைகள் வரிசையாகத் தெருவில் நடந்தனர். கோர்ச்சாக்கும் அம்மையாரும் உடன் நடந்தனர். இரயில் சென்றது திரெப்ளிங்கா கொலைக்களத்திற்கு. ஒருவரும் மீளவில்லை. கடைசி நாட்கள் வரை அவர் எழுதிய நாட்குறிப்பு மட்டும் தப்பிப் பிழைத்துப் பின்னாளில் அச்சேறியது.

சாவை மறைத்துப் பிள்ளைகளை வளர்த்துவிடலாம் என்பார்க்கு நாம் சொல்வது இது. நம் மலைப்பிள்ளைகள் அதனை அறியாதவரல்லர். மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டதை அவர்கள் அறிவர். இறந்தவர் பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். மழையால் வந்த சாவு வேறு, மனிதர் அட்டவணையிட்டுச் செய்த கொலை வேறு. இரண்டையும் ஒன்றாக்குதல் பெரும் பிழை. ஆயினும் இழப்பை அறிந்த பிள்ளையிடம் அதனைப் பற்றிப் பேசாமலிருப்பது அதனைத் தனியே விடுவதாகும். வட்டத்தில் படித்த ஒரு மாணவி, மிஷாவுக்கு அவன் நண்பன் யூரி ஒரு பெயரையும் பொய்யானதொரு குடும்ப வரலாற்றையும் புனைந்து தந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டாள். பொய்யாயினும் சொல்லிக்கொள்ள ஒரு கதை அவனுக்குக் கிடைத்ததே என்றாள். அப்பகுதியைப் பற்றி நாம் படித்த திறனாய்வுகளினும் அச்சொல் மேலானது.

அஞ்சலுக்குக் காத்திருத்தலும் நமக்குப் புதிதன்று. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் ஊர்க்கடிதத்தையும், ஊருக்கு அனுப்பிய மணியார்டருக்குரிய ஒப்புகைச் சீட்டையும் எதிர்நோக்கி வாழ்ந்த தலைமுறையின் பேரர்களே நாம். ஆதலின் வரும் மார்கழி விடுமுறையில் தாகூரின் அந்நாடகத்தைத் தமிழில் நடிக்க வட்டத்தார் முடிவு செய்துள்ளனர். அமலாக நடிக்க ஐவர் பெயர் கொடுத்துள்ளனர். தயிர்க்காரனுக்குத்தான் இன்னும் ஆள் அமையவில்லை. குரல்வளம் உள்ள அன்பர்கள் நூலகத்தில் தெரிவிக்கலாம்.