தொழுகை வரிசையும் தோலின் நிறமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்.

மனிதர் யாவரும் ஓர் ஆண், ஒரு பெண்ணின் வழிவந்தவர்கள். குலமும் கோத்திரமும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜில், அரபியருக்கு அரபியர் அல்லாதவரைவிடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ இறையச்சத்தைக் கொண்டன்றி வேறெதனாலும் மேன்மை இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இதை நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். சொல்வது எளிது, ஒரு ஜமாஅத் அதனைத் தன் வாழ்க்கையாக்கிக் கொள்வது எத்துணை கடினம் என்பதைச் சரித்திரமே நமக்கு உணர்த்துகிறது.

நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழிவாகப் பேசிவிட்டார்கள். அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் எஞ்சியிருக்கிறது என்று அண்ணலார் (ஸல்) அவரைக் கண்டித்தார்கள். ஈமானில் உயர்ந்த ஒரு தோழரிடமே அக்கறை படிந்திருக்க முடிந்ததென்றால், நம்மிடம் இல்லை என்று எவ்வாறு துணிந்து கூறுவோம்? உமையாவின் அடிமையாகச் சுடுமணலில் வதைக்கப்பட்ட பிலால் (ரலி) அவர்கள், மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீதேறி பாங்கு சொன்னார்கள். அக்காட்சியைக் கண்டு முகம் சுளித்த குறைஷியரும் அன்று இருந்தனர்.

அமெரிக்க மண்ணில்

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுள் முஸ்லிம்களும் பலர். அவர்களுள் ஒருவரான உமர் இப்னு ஸயீத், 1831ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியிலேயே எழுதி வைத்தார். ஆனால் பெயரும் மொழியும் குடும்பமும் பறிக்கப்பட்ட நிலையில் தீனைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்க அம்மக்களால் இயலவில்லை. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின்னும் பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும், தேவாலயத்திலும்கூட, நிறப்பாகுபாடு சுமார் ஒரு நூற்றாண்டு நீடித்தது.

இந்தக் கொடுமையின் நடுவே, 1930இல் டெட்ராய்ட் நகரில் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற இயக்கம் தோன்றியது. எலிஜா முஹம்மது அதனை நெடுங்காலம் வழிநடத்தினார். மதுவையும் சூதையும் விட்டு, உழைத்து, தலைநிமிர்ந்து வாழ அது கறுப்பின மக்களைப் பழக்கியது, இதனை மறுப்பதற்கில்லை. எனினும் வெள்ளையர் அனைவரும் ஷைத்தான்கள் என்று அது போதித்தது. எலிஜாவை இறைத்தூதர் என்றும் கூறி, இஸ்லாத்தின் அடிப்படைக்கே மாறுபட்டது. நிறவெறியால் காயம்பட்டவர்கள், அதே நிறத்தையே அளவுகோலாக ஏந்திக்கொண்டார்கள்.

ஹஜ்ஜில் கண்ட உண்மை

அவ்வியக்கத்தின் புகழ்பெற்ற பேச்சாளர் மால்கம் எக்ஸ் (1925–1965). 1964 மார்ச்சில் இயக்கத்தை விட்டு வெளியேறிய அவர், ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்றார். வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் உடைய முஸ்லிம்களோடு ஒரே தட்டில் உண்டதையும், ஒரே இறைவனைத் தொழுததையும், அதனால் தம் முந்தைய கருத்துகளை மாற்றிக்கொள்ள நேர்ந்ததையும் மக்காவிலிருந்து மடலாக எழுதினார். ஆயினும் ஊர் திரும்பியபின் அநீதிக்கு எதிரான குரலை அவர் தாழ்த்தவில்லை. பகையை விட்டார், போராட்டத்தை விடவில்லை. 1965 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

ஒரு ஜமாஅத்தே திரும்பிய வரலாறு

தனிமனிதர் ஒருவர் மாறுவது ஒன்று. ஒரு ஜமாஅத்தே மாறுவது மற்றொன்று. 1975 பிப்ரவரி 25இல் எலிஜா மறைந்தார். மறுநாளே அவருடைய மகன் வாரிஸுத்தீன் முஹம்மது தலைமை ஏற்றார். தந்தையின் கொள்கையில் ஐயம் எழுப்பியதற்காக முன்பே விலக்கி வைக்கப்பட்ட அனுபவம் அவருக்கு உண்டு. அவ்வாண்டிலேயே வெள்ளையருக்கும் வாயிலைத் திறந்துவிட்டார். தொழுமிடங்களில் போடப்பட்டிருந்த நாற்காலிகள் அகற்றப்பட்டு ஸஜ்தாவுக்கு விரிப்புகள் விரிக்கப்பட்டன. டிசம்பரில் நோற்ற நோன்பு ரமளானுக்கு மாறியது. போதகர்கள் இமாம்கள் ஆயினர். இயக்கத்தின் இதழுக்கு பிலால் (ரலி) அவர்களின் பெயரை ஒட்டி 'பிலாலியன் நியூஸ்' எனப் பெயரிடப்பட்டது. ஒருகாலத்தில் துரோகி எனத் தூற்றப்பட்ட மால்கமின் பெயரை 1976இல் ஹார்லம் பள்ளிவாசலுக்குச் சூட்டினார்கள்.

மாற்றம் அனைவருக்கும் உவப்பாக இருக்கவில்லை. லூயிஸ் ஃபரக்கான் பிரிந்து சென்று பழைய இயக்கத்தை மீண்டும் நிறுவினார். ஆயினும் பெருந்திரளான மக்கள் நேர்வழியில் நிலைத்தனர். 1992இல் அமெரிக்க மேலவையில் பிரார்த்தனை நடத்திய முதல் முஸ்லிம் என்ற சிறப்பும் இமாம் வாரிஸுத்தீனுக்கு வாய்த்தது. 2008 செப்டம்பரில் அவர் இறையடி சேர்ந்தார்.

முடியாத பணி

வரலாறு இத்துடன் நிறைவெய்தவில்லை. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் அரபு நாடுகளிலிருந்தும் நமது துணைக்கண்டத்திலிருந்தும் முஸ்லிம்கள் அமெரிக்காவில் பெருகினர். கறுப்பினச் சகோதரர்களின் பள்ளிவாசல் ஒருபுறமும் குடியேறியோரின் பள்ளிவாசல் மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற ஊர்கள் பல. அடிமை எனப் பொருள்படும் அரபுச் சொல்லால் கறுப்பினத்தவரைக் குறிக்கும் வழக்கமும் சிலரிடம் இருந்தது. இவற்றைக் களைவதற்கென்றே 2014இல் முஸ்லிம் நிறவெறி எதிர்ப்புக் கூட்டமைப்பு ஒன்று அங்கு உருவாயிற்று. 2020 மே 25இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் காவலரின் முழங்காலின்கீழ் உயிரிழந்தார். காவலரை அழைத்த தொலைபேசி, ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடையிலிருந்து சென்றது. அச்செய்தி அந்நாட்டு முஸ்லிம்களின் மனசாட்சியை உலுக்கியது. நம் கடைகள் யாருடைய தெருவில் உள்ளன, அத்தெருவாரை நாம் எப்படி நடத்துகிறோம் என்ற கேள்வி அவர்களிடையே எழுந்தது.

நம் ஊரில்

அமெரிக்காவைப் பற்றி எழுதிவிட்டு நாம் ஒதுங்கிவிட இயலாது. ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்பன அறிமுகத்திற்கான பெயர்கள். அவை மேன்மைக்கான பட்டங்கள் அல்ல. முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பம் என்பதற்காகவே பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கும் வழக்கம் தமிழக முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் இருந்துவந்திருக்கிறது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சகோதரரை ஸஃபில் தோளோடு தோள் சேர்க்கிறோம். சம்பந்தம் என்று வரும்போது பூர்வீகம் கேட்கிறோம். பெண் பார்க்கச் சென்று நிறம் குறைவு என்று திரும்பி வருகிறோம். இவையும் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சுட்டிக்காட்டப்பட்ட அதே குணத்தின் எச்சங்களே அல்லவா?

தொழுகையில் ஒன்றாக நிற்பது முதற்படி. விருந்திலும் நிர்வாகப் பொறுப்பிலும் நிக்காஹ் பேச்சிலும் ஒன்றாக நிற்பதே அதன் நிறைவு. 1975இல் அச்சகோதரர்கள் தங்கள் தலைவரின் தவறான போதனையையே விடத் துணிந்தார்கள். நாம் விடவேண்டியது சில பழைய வழக்கங்களை மட்டுமே.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களை இணைத்து, பெருமையெனும் நோயிலிருந்து நம் ஜமாஅத்தைக் காத்தருள்வானாக! ஆமீன்.