கொரியத் தொடக்ககால இதழ்முகப்புகளில் தலைநகரின் பெயர்கள் (1883–1910)

1883 முதல் 1910 வரை கொரியத் தலைநகரில் வெளிவந்த செய்தி இதழ்கள் அந்நகரை ஒரே பெயரால் சுட்டவில்லை. ஹன்சோங், சியோல், ஹ்வாங்சோங் ஆகிய மூன்றையும் நூலடைவில் ‘சியோல்’ என்று ஒருமைப்படுத்துவது தேடுவோர்க்கு எளிதாகலாம். ஆயினும் அதனால் அரசியல் வரலாற்றுச் சான்றொன்று மறைந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஹன்சோங் என்பது 1395இல் சோசோன் அரசு தலைநகருக்கு இட்ட ஆட்சிப்பெயர். 1883 அக்டோபரில் பாக்முன்குக் என்னும் அரசு அச்சகம் தொடங்கிய ‘ஹன்சோங் சுன்போ’ அப்பெயரையே தாங்கிப் பத்து நாளுக்கொருமுறை வெளிவந்தது. கொரிய இதழியல் வரலாறு இதிலிருந்தே தொடங்குவதாகக் கூறுவது வழக்கம். எனினும் இதன் மொழி செவ்வியல் சீனம். 1884 டிசம்பர் அரண்மனைக் கலகத்தை அடுத்து அச்சகம் அழிய, இதழும் நின்றது. 1886இல் வார இதழாக வந்த ‘ஹன்சோங் ஜூபோ’விலேயே கொரிய எழுத்தான ஹங்குல் இடம்பெற்றது.

அக்கலகத்தில் பங்கேற்று நாட்டைவிட்டு வெளியேறிய சோ ஜேபில், அமெரிக்காவிலிருந்து திரும்பி 1896 ஏப்ரல் 7 அன்று ‘தோங்னிப் சின்முன்’ இதழைத் தொடங்கினார். அதன் கொரியப் பக்கங்கள் ஹங்குலில் மட்டுமே, சொற்களுக்கிடையே இடம்விட்டு அச்சிடப்பட்டன. முதல் இதழின் முகப்பிலேயே சியோல் என்ற பெயர் காணப்படுகிறது. தலைநகர் என்னும் பொருளுடைய இம்மக்கள் வழக்குச் சொல்லுக்குச் சீன எழுத்து வடிவம் இல்லை. எழுத்துத் தேர்வும் பெயர்த் தேர்வும் இங்கு ஒன்றையொன்று சார்ந்தவை எனலாம்.

1897 அக்டோபரில் மன்னர் கோஜோங் தம்மைப் பேரரசராகவும் நாட்டைத் தேஹான் பேரரசாகவும் அறிவித்தார். மறுஆண்டு செப்டம்பரில் தோன்றிய இதழ் ‘ஹ்வாங்சோங் சின்முன்’ எனப் பெயர் பெற்றது. ஹ்வாங்சோங் என்பதற்குப் பேரரசரின் நகர் என்று பொருள். 1910 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானிய இணைப்பு நடைமுறைக்கு வந்ததும் அப்பெயர் நீடிக்க இயலவில்லை. இதழ் ‘ஹன்சோங் சின்முன்’ ஆயிற்று, செப்டம்பரில் நின்றும்போயிற்று. ‘தேஹான் மேஇல் சின்போ’வும் இவ்வாறே ‘தேஹான்’ என்னும் நாட்டுப் பெயரை இழந்து ‘மேஇல் சின்போ’வாகியது.

1883இன் ஹன்சோங் ஓர் அரசின் தலைநகர்ப் பெயர். 1910இன் ஹன்சோங் பேரரசு என்னும் தகுதி பறிக்கப்பட்டதன் தடயம். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. ஆதலின் அடைவுகளில் முகப்புப் பெயரையும் இதழின் நாளையும் அவ்வாறே பதிந்து, இக்காலப் பெயரைத் துணைக்குறிப்பாகத் தருவதே தக்கது. அவ்வாண்டு அக்டோபரில் அந்நகர் கியோங்சோங் எனப் பெயர் மாற்றப்பட்டு, கியோங்கி மாகாணத்தின் கீழ் வைக்கப்பட்டது.