போஸ்ட்கிரெஸ்கியூஎல் வழங்கியின் தொடக்கத் தடைகள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒரு கட்டற்ற தரவுத்தள மேலாண்மை மென்பொருள் ஆகும். இதை நிறுவிய பின் வழங்கி தொடங்க மறுப்பது பயனர்கள் நெடுங்காலமாகச் சந்தித்துவரும் சிக்கல். இம்மறுப்புகளுள் சில தரவைக் காப்பதற்காக வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. வேறு சில, இயங்குதளங்களின் பழைய வரம்புகளால் ஏற்பட்டவை.

தோற்றம்

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் போஸ்ட்கிரெஸ் திட்டம் தொடங்கியது. 1996இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. யுனிக்ஸ் கணினிகளில் வளர்ந்ததால் நினைவகம், பயனர் உரிமை ஆகியவற்றில் யுனிக்சின் வழக்கங்களையே பின்பற்றியது. விண்டோசில் நேரடியாக இயங்கும் வசதி 2005இல் வெளியான 8.0 பதிப்பில்தான் வந்தது.

காப்புக்கான மறுப்புகள்

முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக இயக்கினால் வழங்கி தொடங்காது. தரவுத்தளத்தில் ஊடுருவும் ஒருவர் கணினி முழுவதையும் கைப்பற்றாமல் இருக்கவே இந்த விதி. தரவு அடைவைப் பிற பயனர்கள் அணுக முடிந்தாலும் தொடங்காது. 2018இல் வெளியான 11ஆம் பதிப்பு, குழுவினர் படிக்க மட்டும் இதில் தளர்வு தந்தது.

பழைய முதன்மைப் பதிப்பு உருவாக்கிய தரவு அடைவைப் புதிய பதிப்பு ஏற்காது. கோப்புகளின் உள்ளமைப்பு மாறியிருக்கக்கூடும் என்பதே காரணம். 2010இல் வெளியான 9.0 பதிப்புடன் வந்த பிஜி_அப்கிரேடு கருவி இந்த மாற்றத்தை எளிதாக்கியது.

பகிர்வு நினைவகச் சிக்கல்

வழங்கியின் செயல்முறைகள் அனைத்தும் ஒரே பகிர்வு நினைவகத்தைப் பயன்படுத்துகின்றன. தொடக்க காலத்தில் இது சிஸ்டம் ஃபைவ் முறையில், ஒரே பெரிய துண்டாகக் கேட்டுப் பெறப்பட்டது. லினக்ஸ் கருனி அத்தகைய துண்டுக்கு இயல்பாக அனுமதித்த அளவு 32 மெகாபைட். மேக் ஓஎஸ் எக்சில் அது 4 மெகாபைட் மட்டுமே. எனவே நிறுவியவுடன் வேகத்துக்காக இடையக அளவை உயர்த்தியவர்களின் வழங்கி மறுமுறை தொடங்கவில்லை. தரவுத்தள அமைப்பில் பிழை தேடியவர்களுக்கு, மாற்ற வேண்டியது கருனியின் வரம்பு என்பது எளிதில் புலப்படவில்லை.

9.3 பதிப்பின் தீர்வு

2013இல் வெளியான 9.3 பதிப்பு, நினைவகத்தின் பெரும்பகுதியை எம்மேப் முறையில் பெறத் தொடங்கியது. இயல்பான இடையக அளவும் 128 மெகாபைட் ஆயிற்று. ஆயினும் சிஸ்டம் ஃபைவ் துண்டு முற்றிலும் நீக்கப்படவில்லை. மிகச் சிறிய ஒன்று விட்டுவைக்கப்பட்டது. அதில் எத்தனை செயல்முறைகள் இணைந்துள்ளன என்பதைக் கருனி எண்ணிச் சொல்லும். முதன்மைச் செயல்முறை திடீரென நின்றபின் அதன் துணைச் செயல்முறைகள் எஞ்சியிருந்தால், புதிய வழங்கி அதை இவ்வழியே அறிந்து தொடங்க மறுக்கும். ஒரே தரவு அடைவில் இரு வழங்கிகள் எழுதினால் தரவு மீட்க முடியாதபடி சிதைந்துவிடும்.

இன்றைய நிலை

லினக்ஸ் கருனியும் 2014இல் தன் வரம்பைப் பெரிதும் உயர்த்தியது. இன்று பெரும்பாலும் காணப்படும் காரணங்கள் நான்கு: தரவு அடைவு உருவாக்கப்படாமை, 5432ஆம் துறையை வேறொரு வழங்கி பிடித்திருத்தல், அடைவின் உரிமைப் பிழை, பதிப்பு வேறுபாடு. எது காரணம் என்பதை வழங்கியின் பதிவுக் கோப்பு பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடும். அதைப் படிக்காமல் பூட்டுக் கோப்பையோ தரவு அடைவையோ அழிப்பது ஆபத்தானது. தொடங்காத வழங்கியைச் சரிசெய்யலாம், அழிந்த தரவைக் காப்புப்படி இன்றி மீட்பது அரிது.