பூட்டிய வீடும் புறத்தே நின்ற காவலனும்: 1665ஆம் ஆண்டு இலண்டன் கொள்ளைநோய்க் காலத்து உணவுச் சேமிப்பும் வீட்டு விலங்குகளும்

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் இறந்தோர் தொகையைக் கொண்டும் மருத்துவக் கண்டுபிடிப்புகளைக் கொண்டுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1665இல் இலண்டனைத் தாக்கிய பிளேக் நோயும் இதற்கு விலக்கன்று. அவ்வாண்டின் வாராந்த மரணப் பட்டியல்கள் 68,596 பேர் அந்நோயால் மாண்டதாகக் காட்டுகின்றன. செப்டெம்பர் மாதத்தில் ஒரே வாரத்துள் 7,165 பேர் மடிந்தனர். உண்மைத் தொகை ஓர் இலட்சத்தை அணுகியிருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. ஆயின், உயிரோடிருந்தவர்கள் அம்மாதங்களில் எதனை உண்டனர், அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் யார், வீட்டில் வளர்ந்த நாய்க்கும் பன்றிக்கும் நேர்ந்தது யாது என்னும் வினாக்களுக்கு இத்தொகைகளில் விடையில்லை. 'முன்கூட்டியே ஆயத்தஞ் செய்துகொள்ளுதல்' என்று இன்று எளிதாகக் கூறப்படும் காரியம் ஒரு சமூகத்தில் எவருக்குக் கைகூடியது என்பதை அறிவதற்கு, நாம் இவ்வினாக்களிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

இவ்வகையில் நமக்குப் பெரிதும் பயன்படுபவை டானியல் டீபோ 1722இல் வெளியிட்ட இரு நூல்களாம். ஒன்று கொள்ளைநோய் ஆண்டின் நாட்குறிப்பு என்னும் பெயர்பெற்ற நூல். மற்றையது கொள்ளைநோய்க்கான தக்க ஆயத்தங்கள் என்னும், அதிகம் படிக்கப்படாத நூல். 1720இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக் கப்பலொன்றின் வழியாகப் பிளேக் புகுந்து பேரழிவை விளைத்த செய்தி இங்கிலாந்தில் எழுப்பிய அச்சமே இவ்விரு நூல்களுக்கும் உடனடிப் பின்னணி. 1665இல் டீபோ சிறு பிள்ளை. எனவே அவர் எழுதியவற்றைக் கண்கண்ட சாட்சியமாகக் கொள்ளுதல் தவறு. ஆனால் நகராட்சிக் கட்டளைகளையும் மரணப் பட்டியல்களையும் ஆதாரமாகக் கொண்டு எழுதியவர் என்ற முறையிலும், வணிக நடுத்தர வர்க்கத்தின் மனோபாவத்தை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தவர் என்ற முறையிலும் அவர் சான்று பெறுமதி வாய்ந்தது. இவ்விரண்டாவது காரணமே நமக்கு முக்கியமானது.

முதலில் கட்டளைகளை நோக்குவோம். 1665இல் மாநகர முதல்வர் பிறப்பித்த விதிகளின்படி, நோயாளி ஒருவர் காணப்பட்ட வீடு அதிலிருந்த அனைவரோடும் பூட்டப்படும். கதவின் நடுவில் ஓரடி நீளமான செந்நிறச் சிலுவை வரையப்படும். ஒவ்வொரு வீட்டுக்கும் பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக இரு காவற்காரர் நியமிக்கப்படுவர். உள்ளிருப்போருக்கு வேண்டியதை வாங்கிவரும் பொறுப்பும் காவற்காரனுடையதே. அவ்வாறு செல்லும்போது அவன் கதவைப் பூட்டித் திறப்பைத் தன்னுடன் எடுத்துச் செல்லவேண்டும் என்பது விதி. திறப்பையும் உணவையும் ஒரே கையில் ஒப்படைத்த இவ்வேற்பாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. காவற்காரன் சிறையதிகாரி, அவனே ஏவலாளுமாவான். பணமுள்ள வீட்டுக்கு அவன் ஏவலாளாக இருந்தான். பணமில்லாத வீட்டுக்குச் சிறையதிகாரியாக மட்டும் நின்றான் என்று நாம் ஊகிப்பதில் தவறிருக்க முடியாது. வறியோருக்கு அவ்வக் கோவிற்பற்று உதவவேண்டும் என்று விதிகள் கூறின. ஆயினும் செல்வர் ஊரைவிட்டு நீங்கியபின் கோவிற்பற்றுகளின் வரிப்பணம் சுருங்கியது. அரசன் இரண்டாம் சாள்ஸ் தன் அவையோடு முதலில் சோல்ஸ்பரிக்கும் பின்னர் ஒக்ஸ்போட்டுக்கும் சென்றுவிட்டான்.

இனிச் சேமிப்பு. டீபோவின் நாட்குறிப்பில் கதை சொல்பவன் ஓல்ட்கேற் வாயிலுக்குப் புறத்தே வாழும் சேண வணிகன். மருத்துவ நண்பர் ஒருவர் வீட்டினுள் அடைந்திருக்கும்படி அறிவுறுத்தியபோது தன்னிடம் இருப்பு எதுவுமில்லை என்பதை அவன் உணர்கிறான். காலந்தாழ்த்தியேனும் இரண்டு சாக்கு மா வாங்குகிறான். வீட்டிலேயே போறணை இருந்தமையால் பல வாரங்களுக்குப் பாண் சுட்டுக்கொள்ள முடிகின்றது. முளைகட்டிய தானியம் வாங்கி, இருந்த பீப்பாய்கள் நிறையப் பியர் வடிக்கிறான். அது ஐந்தாறு வாரங்களுக்குப் போதுமானது. உப்பிட்ட வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக்கொள்கிறான். இறைச்சி மட்டும் இல்லை. எதிர்த்தெருக் கசாப்புக்காரரிடையே நோய் கடுமையாக இருந்தமையால் வீதியைக் கடப்பதும் ஆபத்தாயிற்று. அந்நகரில் வாழ்ந்த ஒல்லாந்த வணிகர் சிலர் இதனினும் முன்யோசனையுடன் செயற்பட்டு, முற்றுகைக்குட்பட்ட கோட்டைகளைப்போல் தம் வீடுகளை வைத்திருந்தனர் என்றும் டீபோ கூறுகிறார். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து முற்றுகையிட்டுப் பெற்றவர்களின் இனத்தவர்க்கு அவ்வுவமை பொருத்தமானதே.

இப்பட்டியலில் உணவுப் பொருள்களுக்கு முன்னர் நாம் காணவேண்டியவை போறணை, பீப்பாய், களஞ்சிய அறை, ஒரே நாளில் செலவிடத்தக்க கைப்பணம் என்பனவாம். அன்றாடக் கூலியைக் கொண்டு அன்றாடம் பாண் வாங்கிய ஒரு சுமைகாரனிடமோ தையற்காரியிடமோ இவற்றுள் ஒன்றேனும் இருக்கவில்லை. உணவு வாங்குவதற்காக வெளியே சென்று வந்தமையே நகர் முழுவதன் அழிவுக்கும் பெரிதும் காரணமாயிற்று என்பது டீபோவின் முடிபு. சந்தையில் மக்கள் கைக்கொண்ட எச்சரிக்கையையும் அவர் விரித்துரைக்கிறார்: கசாப்புக்காரன் கையிலிருந்து இறைச்சியை வாங்காது கொளுக்கியிலிருந்து தாமே எடுத்தனர், அவனோ பணத்தைத் தொடாது, வினாகிரி நிறைந்த பாத்திரத்தில் இடச் சொன்னான், மிச்சப் பணம் வாங்க நேராதவாறு சில்லறையைக் கொண்டுசென்றனர். ஆனால் எத்துணை எச்சரிக்கையும் நாள்தோறும் சந்தைக்குப் போகவேண்டிய நிலையை மாற்றிவிடவில்லை. 2020 மார்ச் 20இல் இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, மாதச் சம்பளம் பெறுவோரின் வீட்டுச் சமையலறையும் நாட்கூலி பெறுவோரின் சமையலறையும் எவ்வாறு வேறுபட்டிருந்தன என்பதைக் கண்ட நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

தக்க ஆயத்தங்கள் என்ற நூலில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாக வெளிப்படுகின்றது. அதிலே மொத்த வியாபாரியான பலசரக்கு வணிகன் ஒருவன் மனைவி, மக்கள், வேலையாட்கள் அனைவரோடும் வீட்டைப் பூட்டிக்கொள்கிறான். பிஸ்கோத்தும் பியரும் உலர்ந்த பொருள்களும் மாதக்கணக்கிற்குச் சேர்த்து வைக்கப்படுகின்றன. கடிதங்கள் குறட்டால் பற்றிப் புகையூட்டப்பட்டே படிக்கப்படுகின்றன. டீபோ இக்குடும்பத்தைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் காட்டுகிறார். குடும்பமும் நலமே தப்பிப் பிழைக்கின்றது. ஆனால் வீட்டின் வாயிலுக்கு வெளியே, சிறு குடிலொன்றில், ஏபிரகாம் என்னும் சுமைகாரன் அமர்த்தப்பட்டிருக்கிறான். வெளியுலகோடு அவ்வீட்டுக்கிருந்த தொடர்பு அவனே. அவன் நோயுற்று இறக்கிறான். அவனிடத்தில் வேறொருவன் அமர்த்தப்படுகிறான். டீபோ இதில் முரண்பாடெதனையும் காணவில்லை. ஒரு வீடு முற்றாகப் பூட்டப்பட வேண்டுமாயின் ஒருவன் முற்றாக வெளியே நிற்கவேண்டும் என்பது அவருக்கு ஏற்பாட்டின் ஓர் அங்கம். நூலின் அறிவுரை யாரை நோக்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நகரில் உணவுப் பொருளுக்குத் தட்டுப்பாடு நேரவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. மாநகர முதல்வர் சேர் யோன் லோறன்ஸ் நகரை விட்டு நீங்காதிருந்து, போறணைகள் அணையாது எரியவேண்டும் என்று பாண் செய்வோருக்குக் கட்டளையிட்டார் என்றும், நாட்டுப்புறத்தார் அச்சமின்றி வந்து போகச் சந்தைகள் கண்காணிக்கப்பட்டன என்றும் அறிகிறோம். பாணின் விலை பெரிதாக உயரவில்லை. பாண் இருந்தது, அதனை வாங்குவதற்கான கூலி இல்லாதொழிந்தது. வணிகம் நின்றமையால் கைவினைஞரும், எசமானர் ஊரைவிட்டோடியமையால் வீட்டுப் பணியாளரும் வேலை இழந்தனர். இவர்களிலிருந்தே காவற்காரரும் நோயாளரைப் பராமரிக்கும் பெண்களும் பிணஞ் சுமப்போரும் திரட்டப்பட்டனர். நகருக்குச் சுமையாகியிருக்கக்கூடிய இத்தகையோரில் முப்பது நாற்பதினாயிரம் பேரை நோயே கொண்டுசென்றமை ஒருவகை விடுதலையாயிற்று என்ற கருத்தைக் கூசாது எழுதிச் செல்கிறார் டீபோ. மனிதாபிமானி என்று போற்றப்படும் ஓர் எழுத்தாளரிடத்து இவ்வரிகளைக் காணும்போது நாம் சற்று நின்றே மேற்செல்ல வேண்டியிருக்கின்றது.

விலங்குகள் பற்றிய விதிகள் வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றன. பன்றி, நாய், பூனை, வளர்ப்புப் புறா, முயல் ஆகியன நகரில் வைத்திருக்கப்படலாகாது என்றும், இதற்கென நியமிக்கப்பட்டோர் நாய்களைக் கொல்லவேண்டும் என்றும் 1665இன் கட்டளைகள் கூறின. நோயின் நச்சுத் துகள்கள் உரோமத்திற் பற்றி வீட்டுக்கு வீடு செல்லும் என்பது அக்கால மருத்துவக் கொள்கை. நாற்பதினாயிரம் நாய்களும் அதன் ஐந்து மடங்கு பூனைகளும் கொல்லப்பட்டதாக டீபோ கேள்வியாகக் கூறும் தொகையை நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. கொலை பெருமளவில் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

இங்கு வழக்கமாகக் கூறப்படும் ஒரு கதை உண்டு: பூனைகளைக் கொன்றமையால் எலிகள் பெருகின, எலிகள் பெருகியமையால் நோய் பெருகிற்று என்பது அது. கேட்பதற்கு நயமான கதைதான். யெர்சின் 1894இல் ஹொங்கொங்கில் நோய்க்கிருமியைக் கண்டறிந்தமையும், 1898இல் சிமொண்ட் கராச்சியில் எலித் தெள்ளின் பங்கினை நிறுவ முயன்றமையும் இதற்கு அறிவியற் சாயலைத் தந்தன. ஆனால் எலிகளையும் நஞ்சு வைத்துப் பெருந்தொகையாகக் கொன்றனர் என்று அதே டீபோ அதே இடத்திற் கூறுவதை இக்கதை சொல்வோர் கவனிப்பதில்லை. அன்றியும், ஐரோப்பியக் கொள்ளைநோய்களில் மனிதர் உடலில் வாழும் தெள்ளும் பேனுமே பெரும்பங்கு வகித்திருக்கலாம் என்று 2018இல் வெளியான ஆய்வொன்று வாதிடுகின்றது. விவாதம் முடிந்தபாடில்லை. முன்னோரின் அறியாமையை எள்ளி நகையாடுவதற்கு இவ்விடயம் அத்துணை வாய்ப்பானதன்று.

நாம் வினவவேண்டியது எவருடைய விலங்குகள் கொல்லப்பட்டன என்பதையே. நாய்க்கொலை இங்கிலாந்தில் 1665க்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கியது. 1543இல் இலண்டனில் பிறந்த கட்டளையொன்று வேட்டை நாய்களுக்கும் ஸ்பானியல்களுக்கும் வீட்டுக் காவலுக்கு வேண்டிய மாஸ்ரிவ் நாய்களுக்கும் விலக்களித்தது. நோய்த் துகள் கனவான் ஒருவரின் வேட்டை நாயின் உரோமத்திற் பற்றாது என்று மருத்துவ நூல் எதுவும் கூறவில்லை. எசமானற்ற நாயைப் பற்றிய அச்சமும் எசமானற்ற மனிதனைப் பற்றிய அச்சமும் ஆளுவோர் சிந்தையில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்று மார்க் ஜெனர் 1997இல் எழுதிய கட்டுரை காட்டியுள்ளது. இதனோடு நாம் ஒன்றைச் சேர்த்துக்கூற விரும்புகின்றோம். பன்றியும் புறாவும் முயலும் நகர்ப்புற வறியோருக்குச் செல்லப்பிராணிகள் அல்ல. கழிவை உண்டு வளர்ந்து, வேண்டியபோது இறைச்சியாகவோ காசாகவோ மாறத்தக்க சேமிப்புகள் அவை. போறணையும் பீப்பாயும் இல்லாத வீட்டின் களஞ்சியம் கொல்லைப்புறத்துப் பன்றிதான். சேண வணிகனின் மாச்சாக்கைத் தீண்டாத அரசாணை இந்தக் களஞ்சியத்தை வீட்டிலிருந்து அகற்றிற்று.

பூட்டிய கதவுக்கு வெளியிலிருந்து உணவு வரும் வழியை வேறு விதமாக ஒழுங்குசெய்தோரும் இருந்தனர். டாபிசயர் மாவட்டத்தில் ஈம் என்னும், ஈயச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கிராமம் 1666 யூன் மாதம் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. மதகுருவான வில்லியம் மொம்பசனும், அப்பதவியிலிருந்து முன்னர் நீக்கப்பட்ட தோமஸ் ஸ்ரான்லியும் இம்முடிவுக்கு மக்களை இணங்கச் செய்தனர். சற்ஸ்வேத் மாளிகையிலிருந்த டெவன்சயர் பிரபுவும் அயலூராரும் எல்லைக் கற்களில் உணவை வைத்துச் செல்ல, கற்குழிகளில் வினாகிரியில் இடப்பட்ட நாணயங்கள் விலையாயின என்பது மரபு. 260 பேரளவில் அங்கு இறந்தனர். பிற்காலத்தார் இந்நிகழ்ச்சியைத் தியாகக் காவியமாக்கிவிட்டனர். மொம்பசன் தம் பிள்ளைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்டார் என்பதும், அவர் மனைவி கதரின் தங்கியிருந்து ஆகஸ்டில் மாண்டார் என்பதும் அக்காவியத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டியவை. எவ்வாறாயினும், பிரபுவின் தயவில் நின்ற ஏற்பாடு அது.

பிரபுவின் தயவின்றி அரசே பொறுப்பேற்ற நிகழ்ச்சி இத்தாலியின் புளோறன்ஸ் நகரிற் காணப்படுகின்றது. 1631 சனவரியில் அங்குள்ள சுகாதார மன்று நகரத்தாரை நாற்பது நாள்களுக்கு வீட்டினுள் இருத்தியது. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது நாள்தோறும் உணவு கொண்டுசென்று கொடுத்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு பாணும் சிறிதளவு திராட்சை மதுவும்; ஞாயிறு, திங்கள், வியாழன் நாள்களில் இறைச்சி; செவ்வாயில் மிளகும் பெருஞ்சீரகமும் இட்ட கொத்திறைச்சிக் குழல்; ஏனைய நாள்களில் சோறும் பாலாடைக்கட்டியும்; வெள்ளியன்று கீரைக் கலவையும். விதியை மீறியோர் மீது வழக்கும் நடந்தது. அடக்குமுறை அங்கு இல்லாமலில்லை. அக்கொள்ளைநோயில் புளோறன்ஸ் மக்களில் 12 சதவீதத்தினர் அளவில் இறக்க, மிலான் நகரில் 46 சதவீதமும் வெரோனாவில் 61 சதவீதமும் அழிந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவ்வேறுபாட்டை உணவுப் பங்கீட்டின் விளைவென்றே கூறிவிட முடியாது, காரணங்கள் பல. எனினும் அன்றைய புளோறன்ஸ் செல்வர் சிலர் இத்திட்டத்துக்கு எதிராகக் கூறியதை ஆவணங்கள் பேணி வைத்துள்ளன. நோய் பரவும் என்றோ செலவு மிகும் என்றோ மட்டும் அவர்கள் அஞ்சவில்லை. நாற்பது நாள் குறைவின்றி உண்டபின் ஏழைகள் சோம்பேறிகளாகி வேலைசெய்யும் விருப்பத்தை இழந்துவிடுவர் என்பதே அவர்களின் கவலையாயிருந்தது.