தேரிக்காட்டைத் தாண்டி மணப்பாடு

திருநெல்வேலியிலிருந்து கடல் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் திருச்செந்தூரோடு திரும்பிவிடுவார்கள். முருகனைக் கும்பிட்டு, கடலில் ஒரு குளியல் போட்டு, கருப்பட்டி வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினால் சுற்றுலா முடிந்தது! இன்னும் சுமார் 18 கிலோமீட்டர் தெற்கே போனால் மணப்பாடு என்ற மீனவர் ஊர் வரும். தமிழ்நாட்டின் முக்கியமான ஒரு பயணக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை தாமிரபரணி கூடவே வரும். இரண்டு பக்கமும் வாழையும் நெல்லும்தான். ஆறு புன்னக்காயல் பக்கம் கடலுக்கு ஒதுங்கிய பிறகு நிலத்தின் நிறமே மாறிவிடும். பனை, உடைமரம், செம்மணல் மேடுகள். இதுதான் தேரி. மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் இந்தச் சிவப்புக்குக் காரணம். சினிமாக்காரர்களுக்கு இது பாலைவனம். தொல்லியலாளர்களுக்கோ இங்கே கிடைத்த சின்னஞ்சிறு கல்கருவிகள் பெரிய விஷயம். ஜாய்னர், ஆல்சின் என்ற இருவர் 1956இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆளில்லாத காடு போலத் தெரியும் இடத்தில் மனிதர்கள் எப்போதோ வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கரையில் முத்துக் குளித்தவர்கள் பரவர்கள். 1530களில் போர்த்துகீசியர்களின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவர்களானார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். மணப்பாட்டில் கடலை ஒட்டிய ஒரு குகையை அவர் தங்கிய இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள்.

பாதுகாப்பு வந்தது சரி, ஆபத்து போய்விட்டதா? இல்லை. 1544இல் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைத் தாக்கியது. அங்கிருந்த பரவர்கள் குடும்பம் குடும்பமாகக் கடலுக்குள் இருந்த பாறைகளுக்கு ஓடினார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. பசியிலும் தாகத்திலும் பலர் செத்தார்கள். செய்தி கேட்டு சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. தோணிகள் போய்ச் சேரவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று.

பிறகு அவர் தரை வழியாகவே கிளம்பினார். மணப்பாட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு இன்றைய சாலையில் சுமார் 75 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம் கூட ஆகாது. அன்று சாலை ஏது? வெயிலும் மணலும்தான். எதிரே தப்பி வந்த கூட்டத்தைப் பற்றி அவர் தன் தோழர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. சாப்பிட ஒன்றும் இல்லாதவர்கள், வயதாகி நடக்க முடியாதவர்கள், செத்துப்போனவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்றவர்கள் என்று அதில் எழுதுகிறார். அரசர்கள், போர்கள் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும் நம் பாடப்புத்தகங்களில் இந்தக் குடும்பங்களுக்கு ஒரு வரி கூட இல்லை என்பதுதான் வருத்தம்.

மணப்பாடு நிலைத்தது. மணல் குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயில் 1581இல் கட்டப்பட்டது என்பார்கள். 1986இல் மாவட்டம் பிரிந்தபோது ஊர் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் போனது. பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். செப்டம்பரில் சிலுவைத் திருவிழாவுக்கு வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குன்றில் ஏறித் தெற்கே பார்த்தால் கன்னியாகுமரிப் பக்கம் நீளும் கரை தெரியும். அந்தக் குடும்பங்கள் நடந்து வந்த திசை அது.