யானையை விழுங்கும் பாம்புக்கு என்ன விதி?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் ராசராசன் திருவாசலில் ஒரு நிமிடமாவது நின்றிருப்பீர்கள். அங்கே பிரம்மாண்டமான வாயிற்காவலர். அவர் காலருகே ஒரு பாம்பு. பாம்பின் வாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது ஒரு யானை. இதற்கு வழக்கமாக ஒரு கணக்கு சொல்லுவாங்க: யானை எவ்வளவு பெரிசுன்னு நமக்குத் தெரியும், அதையே விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிசு? அந்தப் பாம்பே சிறிசாகத் தெரியும் காவலர்? அப்போ உள்ளே இருப்பவர்? 1010-ல் குடமுழுக்கு கண்ட கோயிலில், விழுங்குவது ஓர் அளவுகோல்.

இந்த அளவுகோலை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு விளையாட்டு. அக்கா பிள்ளைகளோடு பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கொள்ளிடத்து முதலை ஒன்றை வைத்தேன். அரைமணி நேரத்தில் சின்னவனை விழுங்கிவிட்டது. மற்றவர்கள் கரையில் சண்டை போட, அவன் மட்டும், "மாமா, இப்ப நான் என்ன செய்யறது?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

1974-ல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகைக்கு மூத்தது. அதன் 2014 பதிப்பில் 'பர்ப்பிள் வார்ம்' என்ற ராட்சசப் புழு உண்டு. விழுங்கப்பட்டவருக்குக் கண் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு பகடை அளவுக்கு அமிலம் சுடும். உள்ளிருந்து ஒரே முறையில் 30 புள்ளி சேதம் செய்தால்தான் புழு கக்க வாய்ப்பு. புதிதாக ஆட வந்த பையனுக்கு 30 எட்டாக்கனி.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் புழு, ஆறு உடலளவுகளில் மிகப் பெரியது. ஆனாலும் தன்னைவிட இரண்டு படி சிறியதைத்தான் விழுங்கும். யானையோ ஒரு படிதான் குறைவு. அந்தக் கணக்குப்படி தஞ்சைப் பாம்புக்குப் புத்தகத்தில் இடமே இல்லை! சிற்பி சொல்ல வந்ததும் அதைத்தானே?

நம் கதைகளோ வேறு வழிகள் காட்டுகின்றன. அனுமன் சுரசையின் வாய்க்குள் சிறு உருவாகப் புகுந்து, அவள் வாயை மூடும் முன் வெளியே வந்துவிடுகிறான். அளவை மாற்றிக்கொள்வது ஒரு விதி. வாதாபி, தன்னைக் கறியாகத் தின்றவர்களின் வயிற்றைக் கிழித்து வருபவன். அண்ணன் கூப்பிடும் முன்பே அகத்தியர் செரித்துவிட்டார். யார் முந்துகிறார் என்பது இன்னொரு விதி.

என்னை நிறுத்தியது பெரியபுராணத்து அவிநாசிக் கதை. திருவாரூரிலிருந்து சேர நாட்டுக்குப் போகும் சுந்தரர், ஒரு வீட்டில் பூணூல் கல்யாணமும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்கிறார். முன்பு முதலை விழுங்கிய பிள்ளைக்கும் அதே வயதுதான். அவர் பாட, முதலை பிள்ளையைக் கரையில் விடுகிறது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு! உள்ளே இருந்தவனுக்கும் காலம் நகர்ந்திருக்கிறது. வெளியே ஒருவர் அவனுக்காகக் கேட்டிருக்கிறார்.

என் வீட்டு விதியை இப்படி மாற்றினேன்: விழுங்கப்பட்டவருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை உண்டு. குத்தலாம், பிடித்துத் தொங்கலாம், கத்தலாம். கத்தினால் கரையில் இருப்பவர்களின் பகடைக்கு இரண்டு புள்ளி கூடும். முதலையின் பலத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் சின்னவன்தான் மாட்டினான். இந்தத் தடவை அந்தக் கேள்வி வரவில்லை. தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தான்.