ஊர் கடந்த அச்சோவியங்கள்: கேத்தே கொல்விற்ஸும் மட்டக்களப்புப் பார்வையும்

யேர்மனிய ஓவியர் கேத்தே கொல்விற்ஸின் (1867–1945) அச்சோவியங்கள் நாடுவிட்டு நாடு சென்றவை. 1932இல் மொஸ்கோவிலும் லெனின்கிராட்டிலும் அவை காட்டப்பட்டன. பிற்காலத்தில் பயணக் கண்காட்சிகளாகப் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன. 'உலகப் பொதுவான தாய்மையின் துயர்' என்பதே அவற்றுக்குப் பெரும்பாலும் தரப்படும் விளக்கம். அவ்விளக்கம் எதனை மறைக்கின்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

அச்சோவியத்தின் பயணத்திறன் அதன் உற்பத்தி முறையிலிருந்து பிறப்பது. தைலவண்ண ஓவியம் ஒன்றே; அதனை வாங்குபவனும் ஒருவனே. கல்லிலோ செப்புத்தகட்டிலோ மரப்பலகையிலோ ஆக்கப்படும் உருவம் பல படிகளாக வெளிவருவது. ஒவ்வொரு படியும் மூலமே. ஓவியம் பயின்ற கொல்விற்ஸ் 1890ஐ ஒட்டி இம்முறைக்குத் திரும்பியமை தற்செயலன்று. தொழிலாளரை வரைவதோடு அமையாது அவர்களைச் சென்றடையவும் வேண்டும் என்ற நோக்குக்கு அது இயைந்ததாயிற்று.

1844ஆம் ஆண்டின் சிலேசிய நெசவாளர் கிளர்ச்சியை வைத்து ஹவுப்ட்மன் எழுதிய நாடகத்தை 1893இல் கண்டபின், 'நெசவாளர் கிளர்ச்சி' என்னும் ஆறு அச்சோவியங்களை அவர் ஆக்கினார். முதலாவதில், சாகுந் தறுவாயிலுள்ள குழந்தையின் அருகே தாய், பின்னணியிலே தறி. ஐந்தாவதில், முதலாளியின் வாயிற்கதவைத் தாக்குவதற்குப் பெண்கள் கல் பெயர்க்கின்றனர். இறுதியில், கொல்லப்பட்டோர் அதே தறியின் அருகே கிடத்தப்படுகின்றனர். பசிக்குக் காரணம் விதியன்று, கூலியே என்பதை இத்தொடர் கூறிற்று. 1898இல் நடுவர் குழு பரிந்துரைத்த பதக்கத்தை இரண்டாம் வில்லியம் மன்னன் மறுத்தமையும் இதனோடு வைத்து நோக்கற்பாலது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலே காத்தான்குடியும், தெற்கே கல்முனைக்கு அருகே மருதமுனையும் கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்றவை. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையால் இறக்குமதித் துணி பெருகியபோது இந்நாட்டின் கைத்தறித் தொழில் நிலைகுலைந்தது. சிலேசிய நெசவாளனை வீழ்த்திய இயந்திரத் துணியும் தரகு வணிகரும் இங்கு வேறு வடிவில் வந்தனர். ஆகவே மருதமுனை நெசவாளி ஒருவர் இவ்வோவியங்களின் முன் நிற்கையில் முதலிற் காண்பது தாய்மையை அன்று, தறியையே.

இத்தகைய வாசிப்புக்கு ஆசியாவில் முன்னுதாரணம் உண்டு. 1931இல் எழுத்தாளர் ரௌ ஷி சுட்டுக்கொல்லப்பட்டபோது, வெளிப்படையாக இரங்கல் எழுத இயலாத லூ சுன், கொல்விற்ஸின் 'பலி' என்னும் மரச்செதுக்கோவியத்தைச் சஞ்சிகையில் வெளியிட்டார். 1936இல் அவரது அச்சோவியத் தொகுதி ஒன்றையும் ஷங்காயில் 103 படிகளாகப் பதிப்பித்தார். அந்தத் தாயின் துயருக்கு அங்கே ஒரு குறிப்பான கொலையாளி இருந்தான்.

'பலி' இடம்பெறும் 'போர்' தொடர் ஏழு மரச்செதுக்கோவியங்களைக் கொண்டது, 1921–22இல் ஆக்கப்பட்டது. கொல்விற்ஸின் மகன் பீற்றர் தாயின் ஆதரவோடு தொண்டராகச் சேர்ந்து 1914 ஒக்ரோபரிலே மடிந்தான். தொடரின் இரண்டாவது ஓவியத்தில் முரசு கொட்டிச் செல்லும் மரணத்தை இளைஞர் பின்தொடர்கின்றனர். முரசொலிக்கு மயங்கிய சமூகத்தின்மீது வைக்கப்பட்ட விசாரணை இது. ஆனால் 1993இல் அவரது சிறு சிற்பமொன்று ஏறத்தாழ நான்கு மடங்கு பெருப்பிக்கப்பட்டு, பேர்ளினில் யேர்மனிய அரசின் மத்திய நினைவுச் சின்னமாயிற்று. கொன்றோரையும் கொல்லப்பட்டோரையும் அது ஒரே சொல்லுக்குள் அடக்குகின்றது என்ற கண்டனம் அப்போதே எழுந்தது.

இக்கண்டனம் எமக்கும் உரியது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். செப்ரெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர்கள் மீளவில்லை. இவ்விரு சாராரின் தாய்மாரும் ஒரே வாவிக்கரையினர். அவர்களின் துயர் ஒன்றுபோன்றது என்று கூறி நிறுத்துவது எளிது. இருவருக்கும் அத்துயரை விளைவித்தவர் யார், எந்த நலனுக்காக என்று கேட்பதே கடினம்.

கொல்விற்ஸின் ஓவியங்கள் மட்டக்களப்பிலே காட்சிக்கு வைக்கப்படுமாயின், ஒவ்வொன்றின் கீழும் அது பிறந்த ஆண்டும் நிகழ்வும் தமிழில் எழுதப்படல் வேண்டும். தம் ஊரின் ஆண்டுகளையும் நிகழ்வுகளையும் அவற்றுக்கு அருகே வைத்துப் பார்க்கும் வேலையை எமது பார்வையாளர் தாமே செய்துகொள்வர்.